சந்தனப்பொட்டு வைத்த பேட்டரி

இது நடந்த கதை. சூடம் ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைக்கலாம், ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

சரி, ஒரு சொல் இருக்கும். நாலைந்துகூட இருக்கலாம். தூறலைப் பெருமழை என்றும், பெருமழையை ஊரே மிதந்தது என்றும் சொல்லாவிட்டால் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்? ஆனால் ஒன்று. சாகாத ஆளை இந்தக் கதையில் சாகடிக்கவில்லை. செத்த ஆளைப் பிழைக்க வைக்கவும் இல்லை. அதை இழுக்க முடிந்திருந்தால் முதலில் அதைத்தான் இழுத்திருக்கலாம்.

கேட்க உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். சிங்கப்பூர்த் தேக்காவில் தேநீர்க்கடை வைத்திருக்கும் நூருல் அமீன். அவர் கடைக்கு எதிரே பூக்கட்டும் பாக்கியலட்சுமி. வீட்டுக் கூரைகளில் சோலார் தகடு மாட்டுகிற ஷங்கர். அவன் மன்னார்குடியிலிருந்து வந்து ஏழு வருஷமாகிறது. மூன்று பேருக்கும் சுரேந்தரைத் தெரியும். வம்பே அதில்தான் இருக்கிறது.

சுரேந்தருக்கு அறுபத்திரண்டு வயது. ஜாலான் புசாரில் ஒரு சீனர் வைத்திருக்கும் இரும்புச் சாமான் கடைக்குள் இருபது வயதில் நுழைந்தவர் இன்னும் வெளியே வரவில்லை. கடையில் எத்தனை திருகாணி இருக்கிறது என்று கேட்டால் சொல்வார். அதில் எந்தத் திருகாணிக்குச் சளி பிடித்திருக்கிறது என்றும் சொல்வார். அவர் வாய்விட்டுச் சிரித்தால் மலேசியாவுக்குப் போகும் ஜொகூர்ப் பாலத்தில் நிற்கும் லாரிகள், பின்னால் ஏதோ பெரிய வண்டி ஹார்ன் அடிக்கிறது என்று நினைத்து ஒதுங்கும். வீடு அங்கேதான், மார்சிலிங்குக்குப் பக்கத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தரைவீட்டு வரிசை. கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த அப்பா அந்தக் காலத்தில் வாங்கிப் போட்டது. சுற்றிலும் அடுக்குமாடிகள் முளைத்து நிற்க, நடுவில் அந்த வரிசை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

அவர் மனைவி மங்களம். பள்ளிக்கூட உணவகத்தில் இருபத்தாறு வருஷம் கடை போட்டவள். அவள் கிண்டிய மீ கோரெங் நூடுல்ஸை நீளமாகப் பிரித்துப் போட்டால் கிழக்குக் கோடிச் சாங்கியிலிருந்து மேற்குக் கோடி ஜூரோங் வரைக்கும் போய்த் திரும்பி வரலாம். பிள்ளை குட்டி இல்லை. "இருபத்தாறு வருஷமா ஆயிரத்தி ஐநூறு பிள்ளைக்குச் சோறு போட்டாச்சு, வீட்டுல வேற ஒண்ணு எதுக்கு?" என்று அவளே சிரித்துவிடுவாள். சிரித்தால் இருமல் வரும். சட்டிப் புகை என்றுதான் இரண்டு பேரும் முதலில் நினைத்தார்கள்.

புகை இல்லை. நுரையீரல் காய்ந்துகொண்டு வருகிறது, வெயிலில் போட்ட ஆரஞ்சுத் தோல் மாதிரி இறுகும், திரும்ப இளகாது என்றார் டாக்டர். ஆக்சிஜன் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. முழங்கால் உயரம், கீழே நாலு சக்கரம். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மங்களத்தின் மூக்கு வரைக்கும். குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் இனி அவளுக்கு ஊர். படுக்கையறை, சமையலறை, வாசல் கதவு. கேட்டுக்கு இரண்டடி குறைவு.

மெஷின் ஓட கரண்ட் வேண்டும். கரண்ட் நின்றால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் பத்து நிமிஷம் தாங்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்று நர்ஸ் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டாள். அந்தத் தாளை சுரேந்தர் மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். சிங்கப்பூரில் கரண்ட் போவது அவருக்குத் தெரிந்து அந்த வீட்டில் இரண்டே தடவை. அதில் ஒரு தடவை சுவரில் ஆணி அடித்துப் போக வைத்தவர் அவர்தான். இருந்தாலும் அந்தத் தாள் பர்ஸுக்குள் இருந்து முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் கூரையில் சோலார் தகடும், படுக்கையறைச் சுவருக்கு வெளிப்பக்கம் ஆளுயர பேட்டரியும் வந்தன. மாட்ட வந்தவன் ஷங்கர்.

"அண்ணே, பொட்டில பாதி உங்களுக்கு. மீதிப் பாதி கூட்டுக்கு" என்றான் ஷங்கர்.

"என்ன கூட்டு? அவரைக்காய்க் கூட்டா?"

"இந்த ஏரியாவுல நாப்பத்தாறு வீட்டுல பேட்டரி இருக்குண்ணே. எல்லாத்தையும் கம்பெனி கம்ப்யூட்டர்ல கோத்து ஒரே பவர் ஸ்டேஷன் மாதிரி நடத்துது. ஊர்ல கரண்ட் தேவை ஏறுற நேரத்துல ஒவ்வொரு பொட்டிலேருந்தும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி ஊருக்கு விடும்."

"உறிஞ்சுமா? கொசு மாதிரியா?"

"கொசு கேக்காமக் குடிக்கும். இது உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டுக் குடிக்கும்."

சுரேந்தர் சிரித்தார், பாலத்தில் இரண்டு லாரி ஒதுங்கியது. அப்புறம் குரலை இறக்கிக் கேட்டார். "மங்களத்தோட பாதி?"

"அத கம்பெனி தொடவே தொடாது. வெளியில கரண்ட் போனா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பேட்டரி எடுத்துக்கும். அக்கா மெஷின் பத்து மணி நேரம் ஓடும், கவலையே படாதீங்க. ஆனா ஒண்ணு." பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிவப்புக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினான். "இத மட்டும் கீழ இறக்காதீங்க. இறக்கினா பொட்டி மொத்தமா நின்னுடும், கூட்டுலேருந்து வீடு கழண்டுடும். மறுபடி ஏத்தினாலும் தானா ஓடாது. கம்பெனிக்கு ஃபோன் பண்ணணும், அவங்க அங்கேருந்து பூட்டத் தொறந்து விடணும்."

"நான் ஏன்டா இறக்கப் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

முன்னால் அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் அன்றைக்கு மாடிப்படிக்கு அடியில் போனது. அதில் காற்று எவ்வளவு மிச்சம் என்று அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

பேட்டரி வந்த நாளிலிருந்து சுரேந்தர் கொஞ்சம் மிதந்துதான் நடந்தார். வேலை முடிந்து தேக்காவுக்கு வந்தால், தேநீர் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்.

"அமீன் பாய், இப்ப நீங்க டீ போடுறீங்களே, அது யாரு கரண்ட்டு?"

"கேஸ் அடுப்புண்ணே."

"சரி, தலைக்கு மேல ஓடுதே, அந்த ஃபேனு?"

"அது ரெண்டு நாளா ரிப்பேரு."

"அது என் கரண்ட் இல்ல, அதான் நின்னுடுச்சு."

கம்பெனி கைப்பேசியில் மாதாமாதம் ஒரு பட்டியல் அனுப்பும், எந்த வீடு ஊருக்கு அதிகம் கொடுத்தது என்று. தொடர்ந்து பதினோரு மாதம் சுரேந்தர்தான் முதல். கர்ணனுக்குக்கூடப் பதினோரு மாதப் பட்டியல் கிடையாது என்பார். பக்கத்து வீட்டு உமைர் எப்போதும் இரண்டாவது. கடையநல்லூர்க் குடும்பம், முப்பது வயசுப் பையன், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. அவன் மனைவி அமீரா தினம் மதில் மேலாக மங்களத்தோடு பேசுவாள். உமைர் மதிலில் கையூன்றிக்கொண்டு, "அங்கிள், அடுத்த மாசம் நீங்க செகண்ட், எழுதி வெச்சுக்குங்க லா" என்பான். "உன் பேரனுக்குப் பேரன் வரட்டும், அப்ப பாக்கலாம்" என்பார் இவர்.

விளையாட்டுத்தான். ஆனால் முந்துவதற்காக அந்தப் பையன் தன் வீட்டுக்கென்று வைக்கிற மிச்சத்தைப் பாதியிலிருந்து பத்து சதவீதத்துக்கு இறக்கியிருந்தான். அது சுரேந்தருக்குத் தெரியாது.

போன அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது.

கடையில் நாற்பத்திரண்டு வருஷமாக அந்தப் பூஜையைச் செய்கிறவர் சுரேந்தர். துளைபோடும் மெஷின், அறுக்கும் மெஷின், தராசு எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பிளக்கைப் பிடுங்கி வாழையிலையில் கிடத்திவிடுவார். மறுநாள் காலை வரை எதையும் ஓட்டக்கூடாது. வருஷம் முழுக்க நமக்காக உழைக்கிறது, ஒரு நாள் படுக்கட்டும். கடை முதலாளி சீனத் தவ்கேகூட அன்றைக்கு வாடிக்கையாளரை, "டுமாரோ, டுமாரோ, மெஷின் ஸ்லீப்பிங்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த வருஷம் மங்களத்தை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் லீவு போட்டு வீட்டிலேயே வைத்தார். அமீராவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, காலையில் பாக்கியலட்சுமியிடம் வந்து இரண்டு முழம் சாமந்தி மாலை கேட்டார்.

"எந்த சாமிக்குண்ணே?"

"பேட்டரிக்கு."

"பேட்டரிக்கு மாலையா? பொண்ணு யாரு?"

"கூரையில படுத்திருக்கா, சோலாரு. நல்ல செவப்பு. வெயில்ல கறுத்துட்டா."

கூடத்தில் இலை போட்டார். அவருடைய சுத்தியல், துளை மெஷின், வயர் சுற்றி வைத்திருக்கிற சக்கரம், மங்களத்தின் பழைய மீ கோரெங் கரண்டி, எல்லாம் இலையில் ஏறின. ஆக்சிஜன் மெஷினுக்கு ஓடும்போதே பொட்டு வைத்தார். "உனக்கு மட்டும் லீவு கிடையாது, ஓவர்டைம்" என்றார். மங்களம் சிரித்தாள், இருமினாள், கட்டிலில் சாய்ந்தாள்.

"என்னங்க. அதுக்கும் இன்னிக்கு லீவு குடுங்களேன்."

"எதுக்கு?"

"செவுத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதே, உங்க செல்லப் பிள்ளை. வெயில் ஏறினா உறும ஆரம்பிச்சிடுது. என் மெஷின் சத்தம் எனக்குப் பழகிடுச்சு, அது என் மூச்சு. அது ஊரான் மூச்சு. ஊருக்கெல்லாம் படியளக்குது, என்னைத் தூங்க விடமாட்டேங்குது."

"இறக்கக் கூடாதுன்னு அந்தப் பையன் சொன்னான் மங்களம்."

"நாளைக்குக் காலையில ஃபோன் பண்ணித் தொறக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு நாள்ங்க. இந்த ஊர்ல என்னிக்குக் கரண்ட் போயிருக்கு? நீங்க ஆணி அடிக்காம இருந்தாப் போதும்."

அவர் இலையில் கிடந்த சுத்தியலை நேராக வைத்தார்.

"என்ன, பட்டியல்ல உமைர் முந்திடுவான்னு பயமா?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வாதாடியிருப்பார். இதைக் கேட்டதும் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். வெளியே போய்ப் பெட்டியைத் துடைத்தார், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே மாலை. சிவப்புக் கைப்பிடியைக் கீழே இறக்கினார். உறுமல் இறங்கி இறங்கி, நின்றது.

மங்களம் இரண்டு மணிக்குத் தூங்கினாள். மூன்று மணிக்கும் தூங்கினாள். நாலு மணிக்கும். மாதக்கணக்கில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தவள், வாய் லேசாகத் திறந்து, கை ஒரு பக்கமாக விழுந்து, குழந்தை மாதிரி கிடந்தாள். சுரேந்தர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இந்தத் தூக்கத்தில் ஒரு நிமிஷம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நடுவில் கைப்பேசி இரண்டு தடவை துடித்தது. உங்கள் பேட்டரி கூட்டில் இல்லை, என்ன ஆயிற்று என்று கம்பெனி கேட்டது. அவள் எழுந்துவிடப் போகிறாள் என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றைக்கு வெயில் சட்டியைக் காயப்போட்ட மாதிரி காய்ந்தது. ஊரில் இருந்த ஏர்கான் எல்லாம் ஓடியது. கம்பெனி வழக்கம்போல வீடு வீடாக உறிஞ்சியது. சுரேந்தர் வீட்டுப் பங்கு இல்லை அல்லவா, அந்தக் குறையையும் சேர்த்து மற்ற வீடுகளில் எடுத்தது. உமைர் வீட்டில் அடிமட்டம் வரைக்கும் எடுத்தது.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குழாய் போடத் தோண்டிக்கொண்டிருந்த மண்வாரி இயந்திரம், தரைக்குள் போன கேபிளைக் கடித்தது.

தலைக்கு மேல் விசிறி மெதுவானது. ஆக்சிஜன் மெஷின் ஒரு தடவை பெருமூச்சு விட்டு, அப்புறம் கத்த ஆரம்பித்தது. கரண்ட் இல்லாவிட்டால் கத்துவதற்கு மட்டும் அதற்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது.

சுரேந்தர் ஓடினார். கைப்பிடியை மேலே தள்ளினார். பெட்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். இறக்கினார், ஏற்றினார். மஞ்சள். நாற்பத்திரண்டு வருஷம் இரும்புக்கடையில் இருந்த மனுஷன். எந்தப் பூட்டுக்கும் அவரிடம் சாவி உண்டு. இந்தப் பூட்டைக் கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை. கம்பெனிக்கு அடித்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. தெரு முழுக்க அதே நேரத்தில் அதே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தது. ஷங்கருக்கு அடித்தார்.

"ஷங்கர், பொட்டி எழுந்திருக்க மாட்டேங்குதுடா!"

"அண்ணே, இறக்கினீங்களா?"

"இறக்கினேன். எப்படி எழுப்பறது, சொல்லு!"

"என்னால முடியாதுண்ணே, நான் ஜூரோங்ல கூரை மேல நிக்கிறேன். ஆபீஸ்லதான் தொறக்கணும். நான் அவங்களுக்கு அடிக்கிறேன். அக்கா எப்படி இருக்காங்க? அண்ணே? ஆம்புலன்ஸ கூப்பிடுங்க!"

அதுவரை அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இதோ சரி பண்ணிவிடலாம், இதோ என்று நின்றுவிட்டார். உள்ளே போனபோது மங்களம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கின. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. படிக்கு அடியிலிருந்து சிலிண்டரை இழுத்து வந்து குழாயை மாட்டினார். முள் சிவப்பில் நின்றது. ஆறு நிமிஷம் காற்று வந்தது. அப்புறம் அதுவும் போனது.

"உமைர்!" என்று கத்தினார். இந்த ஒரு சத்தம் உண்மையிலேயே பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

உமைர் மதிலுக்கு வந்தான். பின்னாலேயே அமீரா, ஒரு கையில் கைப்பேசி.

"வயர் போடுங்க அங்கிள், வயர்! எங்க வீட்டுல இன்னும் கரண்ட் இருக்கு!"

கூடத்தில் வாழையிலையில் வயர்ச் சக்கரம் கிடந்தது. அதன் பிளக்கில் பூச்சரத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார், அவர் கையால், அவிழக் கூடாது என்று. அவிழவில்லை. பல்லால் கடித்தார். சாமந்தி வாயெல்லாம் ஒட்டியது. பிளக்கை மதிலுக்கு மேலே வீசினார், உமைர் பிடித்தான்.

"எவ்வளவு இருக்கு?" என்றார் சுரேந்தர்.

உமைர் கைப்பேசியைப் பார்த்தான். "பதினொண்ணு."

"என்ன பதினொண்ணு?"

"பர்சன்ட் அங்கிள். உங்கள முந்தறதுக்காக... நான் எல்லாத்தையும் கூட்டுக்கு விட்டு வெச்சிருந்தேன். ஸாரி அங்கிள்."

அவன் உள்ளே ஓடி ஒவ்வொன்றாக நிறுத்தினான். ஏர்கான், ஐஸ்பெட்டி, அவனுக்குச் சோறு போடும் கம்ப்யூட்டர், அமீரா ஆசையாக வளர்த்த மீன்தொட்டியின் காற்றுக்குழாய் வரைக்கும். அந்த வீட்டில் எல்லாம் செத்தது. இந்த வீட்டில் மெஷின் கத்துவதை நிறுத்திவிட்டு மூச்சு விட ஆரம்பித்தது. நாற்பத்தாறு வீட்டைக் கோத்த கூட்டு அன்றைக்கு அந்த ஒரு மதிலுக்கு மேலே, ஒரு வயரில் தொங்கியது.

காற்றே இல்லாமல் இருந்தது எட்டு நிமிஷம். இதையும் கூட்டவில்லை. அமீராவின் கைப்பேசியில் நேரம் இருக்கிறது, அவள்தான் ஆம்புலன்ஸுக்கு நைன் நைன் ஃபைவ் அடித்தவள்.

மங்களத்தின் தோள் மெதுவாக இறங்கியது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். வாயில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை விரலால் எடுத்துப்போட்டாள்.

"நல்லாத் தூங்கினேங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, மூன்று நாள் ஆஸ்பத்திரி, மூன்றாம் நாள் மத்தியானம் முடிந்தது. ஏற்கெனவே கடைசிக்கு வந்துவிட்ட நுரையீரல், அந்த எட்டு நிமிஷம் இல்லாவிட்டாலும் இந்த வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். அத்தனை வார்த்தையில் சுரேந்தர் காதில் விழுந்தது எட்டு நிமிஷம் மட்டும்.

மண்டாய்ச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்தார்கள். வந்தவர் போனவர் எல்லாம் கேட்டார்கள், பேட்டரி இருந்ததே, என்ன ஆயிற்று? எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "நான்தான் இறக்கினேன். பூஜைக்கு." கடைத் தவ்கேயிடமும் அதுதான், கம்பெனியிலிருந்து வந்து எழுதிக்கொண்டு போன ஆளிடமும் அதுதான். யார் கேட்டு இறக்கினார் என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொந்தக்காரர் ஒருவர், "பேட்டரிக்குப் பொட்டு வெச்சுப் பொண்டாட்டிய பாடையில வெச்சவன்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

பூட்டைத் திறந்து பேட்டரியை மறுபடி ஓடவிட்டார்கள். இப்போது அவர் வீட்டுக்கென்று பாதி வைப்பதில்லை, பத்துகூட வைப்பதில்லை. எல்லாம் கூட்டுக்கு. சாயங்காலம் விளக்குகூடப் போடாமல் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், அவள் கட்டிலில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார். மாதாமாதம் பட்டியல் வருகிறது. அவர்தான் முதல். உமைர் பட்டியலிலேயே இல்லை. எண்பது சதவீதம் வீட்டுக்கென்று வைத்துவிட்டான். பெட்டியில் சந்தனம் காய்ந்து வெடித்து, மழையில் பாதி கரைந்து, இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தேக்காவுக்கு வந்து ஒரு முழம் மல்லிகை வாங்கிப் போகிறார். தேநீர் குடிப்பதில்லை. பாலத்தில் லாரிகள் ஒதுங்காமல் போகின்றன.

கதை இங்கே வந்தபோது ஷங்கர் குவளையைத் தொப்பென்று மேசையில் வைத்தான்.

"நிறுத்து. அக்கா கேட்டாங்கன்னு சொன்னியே, அது நீ இழுத்தது. அந்தப் பொட்டி அவ்வளவு சத்தமே போடாது. நான் மாட்டினது, எனக்குத் தெரியாதா?"

"நீ மாட்டிட்டுப் போயிட்ட. அது தலைமாட்டுல நீயா படுத்த?" என்றார் நூருல் அமீன். "அவங்க கேட்டது நெசம். அமீரா மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுட்டு இருந்திருக்கு. எல்லாம் காதுல விழுந்திருக்கு. அந்தப் பொண்ணே என்கிட்ட சொன்னுச்சு."

"சொன்னா? சொன்னா ஊரெல்லாம் பரப்புவீங்களா?" பாக்கியலட்சுமி எழுந்தேவிட்டாள். "அந்த மனுஷன் நெஞ்சுல போட்டுப் பூட்டி வெச்சிருக்காரு. செத்தவ மேல பழி வரக் கூடாதுன்னு ஊர் ஏச்சையெல்லாம் வாங்கிக்கிறாரு. நீங்க ஒரு டீயக் குடிச்சிட்டு அத நடுத்தெருவுல போட்டு ஒடைக்கிறீங்க!"

"பழி யாரு போட்டா? அவரு மேல தப்பில்லன்னுதானே சொல்ல வர்றேன்" என்றார் அமீன்.

"அப்ப தப்பு அவ மேலயா? நிம்மதியாத் தூங்கணும்னு கேட்டது தப்பா?"

"யாரு மேலயும் இல்ல, அந்தப் பூட்டு மேல" என்று அமீன் ஷங்கர் பக்கம் கையை நீட்டினார். "வீட்டுக்காரன் பொட்டி, வீட்டுக்காரன் கூரை, வீட்டுக்காரன் வெயிலு. சாவி மட்டும் எவனோ ஒருத்தன் ஆபீஸ்லயா?"

"பாய், பூட்டு நான் வெச்சதா? நான் கூலிக்கு மாட்றவன். இறக்காதீங்கன்னு ரெண்டு கையால கும்புட்டேன். மாலை வித்தவங்கள விட்டுட்டு என்னைக் கேக்குறீங்க!"

"டேய்!" பாக்கியலட்சுமியின் கையிலிருந்த பூக்கூடை மேசையில் மோதி, குவளை உருண்டு, தேநீர் ஷங்கரின் மடியில் கொட்டியது. "என் மாலையாடா கழுத்த நெரிச்சது? சொல்லுடா! என் மாலையா?"

"அக்கா, கைய எடுங்க. சட்டைய விடுங்கக்கா, சொல்றேன்ல!"

"விடு பாக்கியம், விடு. அட, எல்லாரும் பாக்கிறாங்க" என்றார் அமீன்.

"பாக்கட்டும்! இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அவரே இப்ப பூ வாங்க வருவாரு. வந்ததும் அவர் மூஞ்சிக்கு நேரா கேளுங்களேன், ஆம்பளைங்களா இருந்தா! அந்தம்மா கேட்டுச்சா, கேக்கலியான்னு!"

"நான் ஏன் கேக்கணும்? கதை சொன்னவன் கேக்கட்டும்!" என்று ஷங்கர் திரும்பியபோது, கதை சொன்ன ஆள் நாற்காலியை விட்டு எழுந்தாயிற்று.

"எங்க ஓடுற? உக்காரு! நீதானே ஆரம்பிச்ச!"